கிணறு இல்லாத எண்ணெய்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் போனால் செகுண்டா என்ற ஊர் வரும். சோளக் காடுகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர். அங்கே எண்ணெய்க் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அங்குள்ள ஆலைக்கு, நாளொன்றுக்குச் சுமார் 1,50,000 பீப்பாய் கச்சா எண்ணெய்க்கு ஈடான பொருள்களைத் தரும் திறன் இருக்கிறது. ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். அத்தனையையும் 20,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் தினமும் 1,200 லாரிகள் வரிசை கட்டும். ஆலைக்குள் போவது நிலக்கரி. வெளியே வருவது பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், கூடவே நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள்.

பூமியைத் துளைத்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்காமல், வேறொரு பொருளிலிருந்து வேதிவினை மூலம் உண்டாக்கும் இத்தகைய எரிபொருளுக்குச் செயற்கை எரிபொருள் என்று பெயர். துறைக்காரர்கள் ‘சின்பியூயல்’ என்பார்கள். மூலப்பொருள் நிலக்கரியாக இருக்கலாம், இயற்கை எரிவாயுவாக இருக்கலாம், மரக்கழிவாகவோ ஊர்க்குப்பையாகவோ இருக்கலாம். நம்மைச் சுற்றியுள்ள காற்றாகக்கூட இருக்கலாம். இதைப் போலி எரிபொருள் என்று எண்ணிவிடக் கூடாது. எட்டு கார்பன் கொண்ட ஆக்டேன் மூலக்கூறு பாரசீக வளைகுடாவின் கிணற்றிலிருந்து வந்தாலும் செகுண்டாவின் உலையிலிருந்து வந்தாலும் ஒன்றேதான். எஞ்சினால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், மெழுகு எல்லாமே பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிகள்தான். வேறுபாடு நீளத்தில் இருக்கிறது. மூன்று, நான்கு கார்பன் என்றால் சமையல் வாயு. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் பெட்ரோல். ஒன்பதிலிருந்து பதினாறு வரை விமானத்துக்கும் விளக்குக்குமான மண்ணெண்ணெய். ஏறத்தாழ இருபது வரை டீசல். அதற்கும் மேலே போனால் மெழுகுவர்த்தி. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பதும் பூஜையறை மெழுகுவர்த்தியில் இருப்பதும் ஒரே குடும்பத்துச் சரக்கு.

இனி வருவதுதான் இந்தத் துறை முழுவதற்குமான திறவுகோல். டீசலில் பத்து கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ இருபது ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும். நிலக்கரியில் அதே பத்துக்கு எட்டு தேறினால் அதிகம். இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனிலோ பத்துக்கு நாற்பது. ஆக, நிலக்கரியை எண்ணெயாக்க ஹைட்ரஜன் சேர்க்க வேண்டும். எரிவாயுவை எண்ணெயாக்க ஹைட்ரஜனைக் குறைக்க வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் ஹைட்ரஜனே இல்லை, முழுக்க முழுக்க வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். செயற்கை எரிபொருளின் நூறாண்டு வரலாறும், அதன் விலையும், அது விடும் புகையும் இந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கின்றன.

நிலக்கரிக்குள் ஹைட்ரஜனை நேரடியாகத் திணித்தே தீருவது என்று இறங்கியவர் பிரீட்ரிக் பெர்கியுஸ் என்ற ஜெர்மானியர். 1913இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரியைப் பொடித்து, கன எண்ணெயில் குழைத்துக் களியாக்கி, 450 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, 200 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல அது நூறு மடங்கு. நிலக்கரியின் பெரிய, சிக்கலான மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் உடைகின்றன. உடைந்த முனைகளில் ஹைட்ரஜன் போய் ஒட்டிக்கொள்கிறது. களி எண்ணெயாகிறது.

காகிதத்தில் எளிது. ஆனால் அந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே ஊடுருவி, அதிலுள்ள கார்பனை அரித்து, இரும்பை நொறுங்க வைத்துவிடும். இதற்கு விடை கண்டவர் கார்ல் போஷ். அம்மோனியா தயாரிப்புக்காக ஏற்கெனவே இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் அவர். உலையின் உள்ளே கார்பன் இல்லாத மென்இரும்பில் ஒரு உறை போட்டார். வெளியே கெட்டி எஃகுச் சட்டை மாட்டினார். அந்தச் சட்டையில் சிறு சிறு துளைகள் இட்டார். உள்ளுறையைக் கசிந்து வரும் ஹைட்ரஜன் எஃகைத் தாக்கும் முன்பே துளை வழியே வெளியேறிவிடும். கசிவைத் தடுக்கப் பாடுபட்டவர்களுக்கு நடுவே, கசியட்டும் என்று வழிவிட்ட அந்த யோசனையை நான் பொறியியலின் பேரழகுகளில் ஒன்றாக வைப்பேன். 1927இல் லாய்னா என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து வணிக முறையில் பெட்ரோல் வரத் தொடங்கியது. 1931இல் உயர் அழுத்த வேதியியலுக்காக பெர்கியுஸும் போஷும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதற்கிடையில் ரூர் ஆற்றங்கரையில் உள்ள முல்ஹைம் நகரத்தின் நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இருவர் முற்றிலும் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். நிலக்கரியை நேரடியாக எண்ணெயாக மாற்றுவானேன்? முதலில் அதை முழுவதுமாகச் சிதைத்துவிடுவோம், பிறகு அடியிலிருந்து கட்டுவோம் என்பது அவர்கள் வழி. தகதகவென்று எரியும் நிலக்கரிமீது நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரு கலவை கிடைக்கும். தொகுப்பு வாயு என்பது அதன் பெயர். கார்பன் மோனாக்சைடு நச்சு, நிறமில்லை, மணமில்லை. ஆனால் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறு. எதை வேண்டுமானாலும் கட்ட ஏற்ற செங்கல்.

இந்தச் சிதைப்பில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. நல்ல நிலக்கரி, மட்ட நிலக்கரி, மரத்தூள், எரிவாயு என்று எதை உள்ளே போட்டாலும் வெளியே வருவது அதே இரண்டு வாயுக்கள்தான். அதனால்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிக்காகக் கண்டுபிடித்த முறை இன்று காற்றிலிருந்து எரிபொருள் செய்யவும் உதவுகிறது.

ஃபிஷரும் டிராப்ஷும் முதலில் உயர் அழுத்தத்தில்தான் முயன்றார்கள். கிடைத்தது ஆல்கஹால், அமிலம், கீட்டோன் என்று ஆக்சிஜன் ஒட்டிய பொருள்களின் கலவை. பிறகு அழுத்தத்தைச் சாதாரண வளிமண்டல அளவுக்கே இறக்கி, இரும்பையும் கோபால்ட்டையும் வினையூக்கியாக வைத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் கழன்ற, தூய ஹைட்ரோகார்பன் எண்ணெய் சொட்டியது. 1925இல் காப்புரிமை; மறு ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். வினையூக்கி என்பது தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள். அதன் மேற்பரப்பில்தான் எல்லா வித்தையும் நடக்கிறது.

கோபால்ட் பரப்பில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு வந்து அமர்கிறது. அதன் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பறித்துக்கொண்டு நீராகிவிடுகிறது. மிஞ்சிய கார்பன் இரண்டு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் வளரும் சங்கிலியின் நுனியில் இணைகிறது. அடுத்த கணம் இரண்டில் ஒன்று நடக்கும். பூக்கட்டுபவர் கையில் இன்னொரு பூ ஏறலாம். அல்லது முடிச்சுப் போட்டுச் சரத்தை அறுத்துவிடலாம். முடிச்சு விழுந்த சரம் பரப்பை விட்டுக் கழன்று வெளியேறுகிறது. ஒவ்வொரு படியிலும் இதே தேர்வு. எத்தனை பூ கோத்தாயிற்று என்று அந்தப் பரப்புக்கு நினைவிருக்காது.

நினைவில்லாத இந்தத் தேர்வுக்கு ஒரு கணக்கு உண்டு. அது வியப்பூட்டும் கணக்கு. இன்னொரு கார்பன் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது பத்து கார்பன் நீளத்தை எட்டும் சங்கிலிகள் ஆயிரத்துக்கு இரண்டுதான். வாய்ப்பை 70 விழுக்காடாக்கினால் நூற்றுக்கு நான்கு. 90 விழுக்காடாக்கினால் நூற்றுக்கு முப்பத்தொன்பது! வெப்பநிலையைச் சற்றே குறைத்தாலும் வினையூக்கியை மாற்றினாலும் இந்த வாய்ப்பு மாறும். சுமார் 330 டிகிரியில் இரும்போடு ஓட்டினால் பெட்ரோல் பக்கம் சாயும். 220 டிகிரியில் கோபால்ட்டோடு ஓட்டினால் டீசலும் மெழுகும் பெருகும்.

ஆனால் எந்த அமைப்பில் ஓட்டினாலும் டீசல் மட்டுமே தனியாக வராது. கணக்கு அதற்கு இடங்கொடுக்காது. வாயுவும் மெழுகும் கூடவே வந்தே தீரும். இன்றைய ஆலைகள் இதைச் சமாளிக்கும் விதம் அலாதியானது. டீசலுக்கு முயலாமல், வேண்டுமென்றே முடிந்தவரை நீளமான மெழுகையே முதலில் செய்கிறார்கள். இதனால் வீணாகும் வாயு மிகக் குறைந்துவிடுகிறது. பிறகு மெழுகை ஹைட்ரஜனோடு சூடாக்கி வேண்டிய நீளத்துக்கு வெட்டுகிறார்கள். நீண்ட சங்கிலிகள் எளிதில் உடையும், குட்டையானவை அவ்வளவு எளிதில் உடையா. ஆகவே வெட்டு தானாகவே டீசல், மண்ணெண்ணெய் நீளங்களை நெருங்கும்போது மந்தமாகிறது. சேர்ப்பதில் கிடைக்காத கட்டுப்பாடு வெட்டுவதில் கிடைத்துவிட்டது.

இந்த வினையில் வெளிப்படும் வெப்பமும் கொஞ்சநஞ்சமல்ல. வாயுவிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் உலை சூடேறி, முடிச்சுகள் சீக்கிரமே விழுந்து, எல்லாம் மீத்தேனாகப் போய்விடும். கத்தாரின் ராஸ் லஃபான் பகுதியில் எரிவாயுவிலிருந்து எண்ணெய் செய்யும் பெர்ல் ஆலையில் 24 உலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,200 டன் எடை. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 29,000 குழாய்கள். வினையூக்கி நிரம்பிய குழாய்களைச் சுற்றி நீர் கொதித்து வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். அந்த நீராவி ஆலையின் எந்திரங்களை ஓட்டுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சங்கிலியில் சேரும் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒரு நீர் மூலக்கூறு பிறக்கிறது என்று பார்த்தோம். எடைபோட்டால் 14 கிலோ எரிபொருளுக்கு 18 கிலோ தண்ணீர். எண்ணெய் ஆலை என்று நாம் அழைக்கும் அது எண்ணெயைவிட அதிகமாகத் தண்ணீரைத்தான் உற்பத்தி செய்கிறது! பாலைவனத்தில் நிற்கும் பெர்ல் ஆலை அந்த நீரைச் சுத்திகரித்துத் தன் தேவைக்கே திரும்பப் பயன்படுத்துகிறது.

வெளியே வரும் டீசலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் குடிநீர்போலத் தெளிவாக இருக்கும். அதில் கந்தகம் கிட்டத்தட்ட அறவே கிடையாது. காரணம், கோபால்ட் வினையூக்கிக்குக் கந்தகம் நஞ்சு. வாயு நிலையிலேயே அதைத் துப்புரவாக நீக்கியாக வேண்டும். டீசலின் பற்றும் தன்மையை அளக்கும் சீட்டேன் எண் ஐரோப்பாவின் சாதாரண டீசலுக்கு 51 என்றால் இதற்கு 70ஐத் தாண்டும். கரிப்புகையும் குறைவு. இவ்வளவு தூய்மையே விமானங்களில் ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. வழக்கமான விமான எரிபொருளில் பென்சீன் வளையம் கொண்ட மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கும். எஞ்சினின் ரப்பர் வளையங்கள் அவற்றை உறிஞ்சிச் சற்றே உப்பி, இணைப்புகளை இறுக்கி அடைத்துக்கொண்டிருக்கும். வளைய மூலக்கூறு இல்லாத தூய எரிபொருளை ஊற்றினால் பழைய ரப்பர் சுருங்கும், எரிபொருள் கசியும். அதனால்தான் பல செயற்கை விமான எரிபொருள்களுக்கு இன்றும் பாதிக்குப் பாதி கலப்பு என்ற வரம்பு இருக்கிறது.

இந்த அறிவு வளர்ந்த சூழல் இருண்டது. அதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. லாய்னா பெட்ரோல் கிணற்றுப் பெட்ரோலைவிட விலை கூடியது. சந்தையில் அது தானாகப் பிழைத்திருக்காது. 1933 டிசம்பரில் ஹிட்லரின் அரசு அதற்கு விலை உத்தரவாதம் தந்தது. எண்ணெய் வளமில்லாத ஒரு நாட்டுக்குப் போர் நடத்த எண்ணெய் வேண்டியிருந்தது. 1944 தொடக்கத்தில் ஜெர்மனியின் 25 ஆலைகள் நாளொன்றுக்கு 1,24,000 பீப்பாய் செய்துகொண்டிருந்தன. போர் விமானங்களின் பெட்ரோல் பெரும்பாலும் பெர்கியுஸ் முறையில்தான் வந்தது. ஃபிஷர்–டிராப்ஷ் மெழுகிலிருந்து சோப்பும், ரொட்டியில் தடவிக்கொள்ளும் செயற்கைக் கொழுப்பும்கூடச் செய்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாமை ஒட்டிய மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் செயற்கை ரப்பருக்கும் எரிபொருளுக்குமாக ஓர் ஆலை எழுப்பியது. கட்டியவர்கள் கைதிகள். பசியிலும் குளிரிலும் அடியிலும் ஆயிரக்கணக்கானோர் அங்கே மடிந்தார்கள். இத்தாலிய வேதியியலாளரும் எழுத்தாளருமான பிரீமோ லெவி அங்கிருந்து உயிரோடு மீண்டவர்களில் ஒருவர்.

1944 மே 12 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் லாய்னாவையும் பிற ஆலைகளையும் தாக்கின. தாக்குதல் தொடர்ந்தது. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமானப் பெட்ரோல் உற்பத்தி செப்டம்பரில் 5,000 டன்னாகச் சரிந்தது. விமானங்கள் இருந்தன, ஓட்ட எரிபொருள் இல்லை.

போருக்குப் பின் இந்தத் தொழில்நுட்பத்தைக் கைப்பற்றி வளர்த்தது தென்னாப்பிரிக்கா. எண்ணெய் இல்லை, நிலக்கரி ஏராளம். 1950இல் சசோல் நிறுவனம் பிறந்தது. 1955இல் சசோல்பர்க்கில் உற்பத்தி தொடங்கியது. இனஒதுக்கல் அரசை உலகம் ஒதுக்கத் தொடங்கியபோது, 1979 புரட்சிக்குப் பின் ஈரானும் எண்ணெயை நிறுத்தியபோது, அந்த அரசு தாக்குப்பிடித்ததில் சசோலுக்குப் பெரும் பங்கு உண்டு. விடுதலைப் போராளிகளும் அதை அறிந்தே 1980 ஜூன் 1 அன்று சசோல் ஆலைகளில் வெடி வைத்தார்கள். செகுண்டாவின் இரண்டு பெரிய ஆலைகளும் 1980இலும் 1982இலும் ஓடத் தொடங்கின.

செகுண்டாவில்தான் ஹைட்ரஜன் கணக்கின் உண்மையான விலை தெரியவருகிறது. நிலக்கரியில் ஹைட்ரஜன் பற்றாது. தண்ணீரில் இருக்கிறது, ஆனால் ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடக்கிறது. அதை விடுவிக்க, கார்பன் மோனாக்சைடை நீராவியோடு வினைபுரிய விடுகிறார்கள். கார்பன் அந்த ஆக்சிஜனையும் வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் விடுபடுகிறது. சுருங்கச் சொன்னால், ஒரு பங்கு கார்பனுக்கு ஹைட்ரஜன் தேடித்தர இன்னொரு பங்கு கார்பனைப் புகைபோக்கி வழியே பலிகொடுக்கிறார்கள். செகுண்டா ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது. ஒரே இடத்திலிருந்து வரும் வெளியேற்றத்தில் உலகிலேயே பெரியது என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த டீசல் வண்டியில் எரிவதற்கு முன்பே வெளியேறிவிடும் புகை இது.

அமெரிக்காவிலோ செயற்கை எரிபொருள் என்ற சொல் ஓர் அரசியல் முழக்கமானது. எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மக்களிடம் 1979இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் செயற்கை எரிபொருளை வாக்களித்தார். 1980இல் அதற்கென்று ஒரு கழகமே அமைந்தது. 1987க்குள் நாளொன்றுக்கு 5 லட்சம் பீப்பாய், 1992க்குள் 20 லட்சம் என்பது இலக்கு. கச்சா எண்ணெய் விலை சரிந்தது. 1986இல் கழகம் கலைக்கப்பட்டது. வரிச்சலுகைச் சட்டம் மட்டும் பிழைத்திருந்தது. நிலக்கரியில் வேதிமாற்றம் நிகழ்ந்தால் அது செயற்கை எரிபொருள், அதற்கு வரிக்கழிவு உண்டு என்றது அச்சட்டம். சில நிறுவனங்கள் சாதாரண நிலக்கரிமீது டீசலையோ பைன் மரத் தாரையோ தெளித்து, வேதிமாற்றம் நடந்துவிட்டதாகக் காட்டிக் கோடிக்கணக்கான டாலர் சலுகை பெற்றன. 2007 முடியும்வரை இது நடந்தது. அந்த நிலக்கரி வழக்கம்போல மின்நிலையத்தில்தான் எரிந்தது. ஒரு தொழில்நுட்பச் சொல்லை, வினையைப் பாராமல் பெயரை மட்டும் பார்த்துச் சட்டமாக்கினால் பொதுப்பணம் இப்படித்தான் போகும்.

நியூசிலாந்து வேறு பாதையில் போனது. 1980களின் நடுவில் மோட்டுனுய் என்ற இடத்தில் கடலடி எரிவாயுவை மெத்தனாலாக்கி, மெத்தனாலைப் பெட்ரோலாக்கும் ஆலையைத் திறந்தார்கள். அந்நாட்டின் பெட்ரோல் தேவையில் மூன்றில் ஒரு பங்கை அது நிறைவேற்றியது. அதன் உயிர்நாடி ஜியோலைட் என்ற படிகம். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த, நுண்துளைகள் மண்டிய படிகம் அது. துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபது லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். மெத்தனால் உள்ளே நுழைகிறது, சங்கிலியாக வளர்கிறது. ஆனால் பத்து, பதினொரு கார்பனைத் தாண்டியது துளைக்குள் கொள்ளாது, வெளியேயும் வர முடியாது. நூலளவு பிசகாமல் பெட்ரோல் அளவிலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. கோபால்ட் பரப்பால் முடியாததை ஒரு துளையின் வடிவம் செய்து முடிக்கிறது!

இதே மெத்தனால் வழியில்தான் இன்று கார்பன் டை ஆக்சைடிலிருந்து பெட்ரோல் வருகிறது. 2022 டிசம்பரில் சிலியின் தென்கோடியில், புந்தா அரேனாஸ் அருகே ஹாரு ஓனி என்ற சிறு ஆலை இயங்கத் தொடங்கியது. ஓயாமல் காற்று வீசும் நிலம் அது. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். மின்னாற்பகுப்பு என்று பள்ளியில் படித்த அதே வினை. அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மெத்தனால், பிறகு பெட்ரோல். முதற்கட்டத்தில் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர்தான் திட்டம். இவ்வகையை மின் எரிபொருள் என்கிறார்கள். ஃபிஷர்–டிராப்ஷ் வழியிலும் இதைச் செய்யலாம். அப்போது கார்பன் டை ஆக்சைடை முதலில் கார்பன் மோனாக்சைடாக மாற்ற வேண்டும். செகுண்டாவில் ஹைட்ரஜனுக்காக நடக்கும் அதே வினையைத் தலைகீழாக ஓட்டினால் போதும். அங்கே ஹைட்ரஜனைப் பெறக் கார்பனைச் செலவிட்டார்கள். இங்கே கார்பனை மீட்க ஹைட்ரஜனைச் செலவிடுகிறார்கள்.

காற்றிலிருந்து கார்பனைச் சேகரிப்பது எத்தகைய வேலை என்று பாருங்கள். பத்தாயிரம் காற்று மூலக்கூறுகளில் நான்குக்குச் சற்று மேல்தான் கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அதைத் திரும்பப் பிடிக்க 3,000 கன மீட்டர் காற்றை ஒரு மூலக்கூறு விடாமல் சலிக்க வேண்டும். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கல்யாண மண்டபம் நிறையக் காற்று. ஒரே ஒரு லிட்டருக்கு.

மின்சாரச் செலவு அதைவிடக் கடுமையானது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீரும் 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரமும் தேவை. எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் மின் எரிபொருளுக்குச் சுமார் 20 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். அதில் 5 லிட்டர் செய்யலாம். ஸ்கூட்டர் 225 கிலோமீட்டர் ஓடும். அதே 100 யூனிட்டை நேராக மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியில் ஏற்றினால் 2,500 கிலோமீட்டராவது ஓடும். இந்த ஒரு கணக்கே போதும். சாலை வாகனங்களுக்கு மின் எரிபொருள் என்பது காற்றாலை மின்சாரத்தை வீணடிக்கும் வழி என்றே நான் கருதுகிறேன். மின்சாரம் நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வருமானால், கிணற்றுப் பெட்ரோலே மேல்.

ஆனால் வானில் கணக்கு மாறுகிறது. ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட் இருந்தால் நல்லது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு பேட்டரியில் பறக்க இன்று வழியில்லை. அங்கேதான் செயற்கை எரிபொருளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதற்கான அனுபவமும் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் சசோலின் நிலக்கரி எரிபொருள் கலந்த கலவையை 1999 முதலே விமானங்கள் நிரப்பி வந்திருக்கின்றன. கலப்பே இல்லாமல் முழுக்கச் செயற்கையான சசோல் எரிபொருளுக்கு 2008இல் அனுமதி கிடைத்தது. வேதியியல் தயார். மாற வேண்டியது கார்பனும் ஹைட்ரஜனும் வரும் இடம் மட்டுமே.

அந்த மாற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டப்படி காலக்கெடு விதித்திருக்கிறது. அதன் விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில், மாசில்லா மின்சாரத்தின் ஹைட்ரஜனில் செய்த செயற்கை எரிபொருளின் பங்கு 2030, 2031 ஆகிய ஆண்டுகளில் சராசரியாக 1.2 விழுக்காடாக இருக்க வேண்டும். 2050இல் 35 விழுக்காடாக இருக்க வேண்டும்.